பட்டம் கொடுக்காமல் படி

அன்புள்ள மகளுக்கு,

கதைப் பாத்திரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கதைச்சுருக்கமாகிவிடுகிறது என்று வருத்தப்பட்டிருந்தாய். முதல் பக்கத்திலேயே 'பொறுமைசாலி', 'கெட்டவன்' என்று பட்டம் கொடுத்துவிடுவதால் வரும் வினை அது. அப்புறம் கண் எதையும் தேடாது.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதே, கதையோடு போ. இரண்டாம் முறை ஒரே ஒரு பாத்திரத்தைப் பின்தொடர். தாளை மூன்றாகப் பிரி: அவர் சொன்னது, செய்தது, பிறர் அவரைப் பற்றிச் சொன்னது. கடைசியதை அப்படியே நம்பிவிடாதே. சொல்கிறவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று பார். மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில் நின்று நிதானமாகப் படி.

சிலப்பதிகாரத்துக் கண்ணகியையே எடுத்துக்கொள். நூலின் முதல் பகுதியான புகார்க் காண்டத்தில் அவள் அதிகம் பேசுவதில்லை. அதனால் அடங்கிப் போகிறவள் மதுரையில் திடீரென்று மாறிவிட்டாள் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். கனாத்திறம் உரைத்த காதையைப் பார். குளங்களில் நீராடிக் காமவேள் கோட்டம், அதாவது மன்மதன் கோயில், தொழுதால் கணவனோடு இன்புறலாம் என்கிறாள் அவள் தோழி தேவந்தி. கண்ணகியின் பதில் 'பீடன்று'. அவ்வளவுதான்! அது தனக்குப் பெருமையில்லை என்று ஒரு சொல்லில் மறுத்த அதே பெண்தான் வழக்குரை காதையில் பாண்டியனைப் பார்த்து 'தேரா மன்னா' (ஆராயாத மன்னனே) என்கிறாள். அந்த நிமிர்வு முதலிலிருந்தே அவளிடம் இருக்கிறது.

கதையின் மையக் கருத்தான கருப்பொருளுக்கு 'நீதி' என்று ஒற்றைச் சொல் எழுதினால் போதாது. பயனிலையோடு முழு வாக்கியமாக எழுது. அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், அதாவது ஆட்சியில் தவறியவர்க்கு அறமே எமனாகும் என்று நூலின் முன்னுரையான பதிகமே அப்படித்தான் வைக்கிறது. பிறகு அதை நூலின் வரிகளில் சோதி. பாண்டியன் பிழைத்தது எங்கே? விசாரிக்கும் முன்பே 'கன்றிய கள்வன்' என்று சொல்லி, கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொன்ன இடத்தில். உண்மை தெரிந்ததும் 'யானே கள்வன்' என்கிறான். கோவலன்மேல் வீசிய சொல் அவனிடமே திரும்பி வருகிறது. இப்படித் திரும்பி வரும் சொற்களை அடிக்கோடிடு, கருப்பொருள் பெரும்பாலும் அவற்றின் பக்கத்தில்தான் இருக்கும்.

உன் வாக்கியத்துக்கு எதிராக நிற்கும் ஓர் இடத்தையும் கண்டுபிடி. அதே பதிகம் ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும், அதாவது முன்வினை சினந்து வந்து தன் பயனைத் தந்தே தீரும் என்றும் சொல்கிறது. ஊழ்தான் நடத்தியது என்றால் அரசன்மேல் என்ன பிழை? இதைப் பூசி மெழுகாமல் கட்டுரையில் தனிப் பத்தியே கொடு.

அடுத்து மாதவிக்கு ஒரு தாள் போடு. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா