தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் வரலாற்றுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

1895 முதல் 1900 வரை ஐந்தே பருவம் ஆடிய தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டோம். லண்டனின் வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்துக் கழகத்தைத் தெரிந்தவர்களில் பலருக்கு, அது இந்தப் பெயரில் கிழக்கு லண்டன் கப்பல் பட்டறை ஒன்றின் தொழிலாளர் அணியாகத் தொடங்கியது தெரியாது. உதவியவர்கள் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம்.

முதலில், பழைய செய்தித்தாள்களைப் புரட்டிய நண்பர்களுக்கு. கணினித் தேடலை மட்டும் நம்பினால் ஆட்டங்கள் நழுவிவிடும். 'அயர்ன்வொர்க்ஸ்' என்பதை ஒரு நாளிதழ் சேர்த்து அச்சிடும், இன்னொன்று பிரித்து அச்சிடும். மை மங்கிய பக்கத்தில் 3 எது, 8 எது என்று கணினி குழம்பும். அதனால் இவர்கள் சனிக்கிழமைகளைப் பட்டியலிட்டு, அடுத்தடுத்து வந்த இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, எதிரணி ஊர்ப் பத்திரிகையோடும் ஒப்பிட்டார்கள். 1895 செப்டம்பர் 7-இல் ராயல் ஆர்ட்னன்ஸ் இரண்டாம் அணியோடு 1-1, அக்டோபர் 12-இல் எஃப்.ஏ. கோப்பையில் (இங்கிலாந்துக் கழகங்களுக்கான கோப்பைப் போட்டி) சாத்தம் அணியிடம் 0-5 என முடிந்தவரை எல்லா முடிவுகளுக்கும் இதே சோதனைதான். குடும்பப் பெயர் மட்டும் அச்சான அணிப் பட்டியலில் யார் எங்கே ஆடினார் என்று அறிய வரிசையைப் பார்த்தால் போதும்: கோல்கீப்பர், இரண்டு பேக் (பின்கள வீரர்கள்), மூன்று ஹாஃப் பேக் (நடுக்கள வீரர்கள்), ஐந்து முன்கள வீரர்கள்.

மைதானப் படத்தைத் திருத்திய நடுவர் ஐயாவுக்குத் தனி நன்றி. விக்டோரியா காலத்து ஆட்டத்தை வரைபவர்கள் வழக்கமாகச் சறுக்குவது, இன்று கோலுக்கு முன்னால் போடப்படும் பெனால்டி கட்டத்தில். அந்தக் கட்டம் 1902-இல்தான் வந்தது. 1895-இல் கோல் கோட்டிலிருந்து 12 கெஜத்தில் மைதானத்தின் முழு அகலத்துக்கும் ஒரு கோடு. அதற்குள் தவறு நடந்தால் அந்தக் கோட்டின் எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் பந்தை வைத்து உதைக்கலாம். கோல்கீப்பர் தன் பாதி முழுவதும் பந்தைக் கையால் தொடலாம். இது தெரியாமல் அன்றைய ஆட்ட வர்ணனையைப் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

கழகச் சின்னத்தில் குறுக்காக நிற்கும் இரு சுத்தியல்களை விளக்கியவர், கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். அவை ரிவெட் (இரும்புத் தகடுகளை இணைக்கும் தடித்த ஆணி) அடிக்கும் சுத்தியல்கள். ஒரு பையன் உலையில் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சிக் கொடுப்பான். அதைத் துளையில் செருகியதும், தலைப்பக்கம் ஒருவர் கனமான இரும்பால் முட்டுக் கொடுக்க, மறுபக்கம் இருவர் மாறி மாறி அடித்து வாலைப் பரத்துவார்கள். ஆறும்போது ரிவெட் சுருங்கி இரு தகடுகளையும் இறுக்கிப் பிடிக்கும். சூடு குறைந்ததை அடித்தால் துளை நிரம்பாது, தண்ணீர் கசியும். நாளெல்லாம் இப்படி உழைத்துவிட்டு, செவ்வாய், வியாழன் இரவுகளில் பார்க்கிங் (Barking) சாலைப் பள்ளிக்கூடத்தில், எரிவாயு விளக்கு வெளிச்சத்தில் பயிற்சி எடுத்தார்கள்!

கணக்கைச் சரிபார்த்த தோழிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1 பவுண்டு 10 ஷில்லிங்கை 1.10 என்று எழுதினால் கூட்டல் முழுக்கப் பாழ், அது 1.5. ஆண்டுச் சந்தா இரண்டரை ஷில்லிங், ஆக எட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. பட்டறைத் தலைவர் ஆர்னால்ட் ஹில்ஸ் 1897-இல் திறந்த மெமோரியல் மைதானத்துக்கு ஆன செலவோ 20,000 பவுண்டு. இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்தால், கழகம் யாருடைய பணத்தில் நின்றது என்பது விளங்கும்.

கழகம் ஆடிய ஹெர்மிட் சாலை, பிரவுனிங் சாலை, மெமோரியல் மைதானம் ஆகிய மூன்று இடங்களையும் இன்றைய வரைபடத்தில் குறித்துத் தந்தவர்களுக்கும் நன்றி.

ஹில்ஸைப் பற்றி எங்களோடு சளைக்காமல் வாதாடிய பதிப்பாசிரியரை விட்டுவிட முடியாது. 1877 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காக ஆடிய, ஊதியமில்லா ஆட்டத்தையே உயர்வாக நினைத்த மனிதர் அவர். ஆனால் 1898-இல் அவருடைய கழகமே சம்பளம் கொடுத்து ஆட்களை எடுத்தது. அதைத் துரோகம் என்று எழுதாமல், சதர்ன் லீகில் (தென் இங்கிலாந்துக் கழகங்களின் தொடர் போட்டி) நிலைக்க வேறு வழியில்லாததால் எடுத்த முடிவு என்று எழுதியது இவர் பிடிவாதத்தால். அதுதான் நியாயமும்கூட. 1900 ஜூனில் கழகம் கலைந்து, ஜூலையில் வெஸ்ட் ஹாம் யுனைடெட்டாகப் பதிவானது. பத்து ஷில்லிங் வீதம் 4,000 பங்குகள், மொத்தம் 2,000 பவுண்டு.

ஆட்ட முடிவுப் பட்டியலைக் கேட்டிருந்தவர்களுக்கு: தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணிப் பத்திரிகையோடு ஒப்பிட முடியாத ஆட்டங்களுக்கு எதிரே நட்சத்திரக் குறி இருக்கும். அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்