ஃபைபர் பூசுவது புதுப்பித்தல் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலை ஊர்களில் எஞ்சியிருக்கும் பழைய மரப் படகுகளைப் பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். யாரும் கண்டுகொள்ளாத ஒரு பொருளுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், விரிசல் கண்ட மரப் படகின் மேல் ஃபைபர், அதாவது பிசினில் தோய்ந்த கண்ணாடி இழை, பூசிவிட்டால் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும் என்று அதில் கூறப்பட்டிருந்த யோசனை தவறானது. அந்த யோசனையை நம்பி ஒரு படகை இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவின்ஜ் துரையின் முயற்சியால் உண்டானது என்பதும், முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தது என்பதும், 1890-இல் இங்கே படகுக் குழாம் தொடங்கப்பட்டது என்பதும் பலரும் அறிந்த செய்திகள். நான் பேசவிருப்பது சுற்றுலாப் பயணிகள் ஏறும் அகன்ற படகைப் பற்றியன்று. இருமுனையும் ஒடுங்கி, முழங்காலிட்டு அமர்ந்து, ஒற்றைத் துடுப்பால் செலுத்தப்படும் கனூவைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் பிர்ச் மரத்தின் பட்டையை உரித்து, ஸ்புரூஸ் மர வேரால் தைத்து, உள்ளே விலா எலும்புபோல் வளைந்த சீடர் மரச் சட்டங்களான வங்குகளைப் பொருத்தி, ஸ்புரூஸ் பிசினால் தையலை அடைத்து உருவாக்கிய படகு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் படகுத் தச்சர்கள், பட்டைக்குப் பதிலாக மெல்லிய பலகையை அடித்து அதன் மேல் கித்தான் என்னும் கெட்டித் துணியை இழுத்துப் போர்த்தும் முறையைக் கைக்கொண்டார்கள். அம்முறையில் செய்த இரண்டு கனூக்களை, 1970-களில் தாய்நாடு திரும்பிய ஒரு குடும்பத்தார், அவர்கள் பங்களாவில் தோட்ட வேலை பார்த்த என் தந்தையாரிடம் விட்டுச் சென்றார்கள்.

முதல் கனூவை 2009-இல் மலையடிவாரத்துப் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். கித்தானை உரித்து எறிந்துவிட்டு ஃபைபர் பூசித் தந்தார்கள். கண்ணாடிபோல் மின்னியது; நானும் மகிழ்ந்தேன். ஐந்தாம் ஆண்டு படகின் முன்முனையான அணியத்தின் ஓரத்தை விரலால் தட்டியபோது, காய்ந்த சுரைக்குடுவையைத் தட்டுவதுபோல் ஓசை எழுந்தது. பேனாக்கத்தியால் ஓரிடத்தில் நெம்பி இழுத்ததும், இரண்டடி நீளத்துக்கு ஃபைபர் தோல் தனியே கழன்று வந்தது. அதன் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு வந்த மரம் மூக்குப்பொடியின் நிறத்தில் என் உள்ளங்கையில் உதிர்ந்தது. ஈரச் சாக்கின் வாடை அடித்தது. வெளியே ஒரு கீறலும் இல்லாத படகு உள்ளே அப்படி ஆகியிருந்தது.

காரணம் எளிது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே பூசிய பிசினும் கண்ணாடி இழையும் அப்படி உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாட்கணக்கில் பனிமூட்டம் கவிந்து கிடப்பதும், மாசியில் தோல் வெடிக்கும் அளவுக்குக் காற்று வறள்வதுமான எங்கள் ஊரில் இந்த இழுபறி ஆண்டு முழுவதும் நடக்கிறது. ஒட்டு விடுகிறது, உட்புறத்திலிருந்தும் ஆணித் துளைகளின் வழியாகவும் நீர் புகுகிறது, புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடித்து மரம் மக்குகிறது. புதிதாகக் கட்டும்போதே உள்ளும் புறமும் எபாக்சி என்னும் செயற்கைப் பிசினைப் பூசி, மரத்தை முழுவதுமாக மூடிவிடும் படகுகளும் உண்டு. அவை அந்த முறைக்கென்றே திட்டமிட்டுச் செய்யப்படுபவை. அவற்றைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆணியடித்துக் கித்தான் போர்த்திய பழைய படகுக்கு ஒரு புறத்தில் மட்டும் ஃபைபர் பூசுவதையே தவறு என்கிறேன்.

இதை அறிய நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கட்டுமரத்தைக் கரையேற்றிய மீனவர், கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர வைப்பார். குமரிக் கடற்கரையில் வள்ளத்துக்கு மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் தடவுவார்கள். அந்த எண்ணெய் மரத்துக்குள் ஊறிப் பூச்சியையும் நீரையும் தடுக்கிறது, தேய்ந்தால் மறுபடியும் தடவிக்கொள்ளலாம். கடலோடு வாழ்ந்தவர்கள் மரத்தைப் பூட்டி வைக்கவில்லை, அதை மூச்சுவிட விட்டார்கள். கித்தானும் அத்தகையதே. அது நைந்து போகும், போகட்டும். அடியில் உள்ள மரம் பிழைத்துக்கொள்ளும். இருபது, முப்பது ஆண்டுக்கு ஒருமுறை உரித்துப் புதிதாகப் போர்த்திக்கொள்ளத்தான் அது இருக்கிறது.

இரண்டாவது கனூவை, எங்கள் தெருவில் வசிக்கும் வயது முதிர்ந்த ஆசாரி ஒருவரும் நானுமாகப் பதினான்கு மாதங்களில் சீர்செய்தோம். பதினாறு அடிப் படகு. பதினொரு வங்குகள் முறிந்திருந்தன. மண்ணில் கவிழ்த்துப் போட்டிருந்ததால் அணியத்தின் நுனியும் பின்முனையான அமரத்தின் நுனியும் மக்கிப் போயிருந்தன. வங்கு என்பது இரண்டு அங்குல அகலமும் எட்டு மில்லிமீட்டர் கனமும் உள்ள சட்டம். அதற்குரிய வெண்சீடர் இங்கே கிடைக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த சைப்ரஸ் மரம் ஒன்றின் பலகைகள் ஆசாரியின் கொட்டகையில் உலர்ந்து கிடந்தன. கணு இல்லாத பகுதியாகப் பார்த்து அறுத்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, இட்லிப் பானைக்கு ஆவி கட்டுவதுபோல் நீண்ட தகரக் குழாய்க்குள் வைத்து ஆவியேற்றினோம். வெளியே எடுத்த அரை நிமிடத்துக்குள் வளைத்தாக வேண்டும். முதல் ஐந்து சட்டங்களில் மூன்று முறிந்தன. ஆசாரி கோபிக்கவில்லை, முறிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நார் சாய்வாக ஓடியிருப்பதைக் காட்டினார். அதன் பிறகு நாரோட்டம் நேராக உள்ள துண்டுகளை மட்டுமே எடுத்தோம்.

பலகையை வங்கோடு பிணைக்கும் சிற்றாணிகள் பித்தளையால் ஆனவை. வெளியிலிருந்து ஒருவர் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக்கட்டியை வங்கின் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆணியின் முனை இரும்பில் முட்டித் தூண்டில் முள்போல் மடங்கி, திரும்பவும் மரத்துக்குள் புதைந்துகொள்ளும். முனை மடங்கும் கணத்தில் சுத்தியலின் ஓசை மாறுகிறது. அந்த ஓசைக்குக் காது பழக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆசாரிக்கு இரண்டாவது ஆணியிலேயே புரிந்துவிட்டது. பிறகு கித்தானை இரு முனையிலும் கவ்வி இழுத்துப் போர்த்தி, ஆளிவிதை எண்ணெயும் சிலிக்கா தூளும் கலந்த பூச்சைக் கையால் தேய்த்து ஏற்றினோம். அது இறுகுவதற்கு இந்தக் குளிரில் ஏழு வாரம் பிடித்தது. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. அவசரப்பட்டு வர்ணம் அடித்தால் சுருக்கம் விழும்.

படகை நீரில் இறக்கிய காலைப் பொழுதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பத்து மணிக்கு மேல் காற்று எழும். எடை குறைந்த கனூவைக் காற்று இலைபோல் திருப்பிவிடும். எனவே, விடிந்தும் விடியாத பொழுதில் உயிர்காப்பு அங்கி அணிந்து இறங்கினேன். ஒரே பக்கத்தில் துடுப்பு வலித்தால் படகு மறுபக்கம் திரும்பத்தான் பார்க்கும். ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் மேல்கையின் கட்டைவிரல் கீழ்நோக்குமாறு துடுப்பைத் திருப்பி, நீரைச் சற்றே வெளியே தள்ளினால், பக்கம் மாற்றாமலே நேராகச் செல்லலாம். துடுப்பை நீரிலிருந்து முழுவதும் எடுக்காமல் பழகியவர் செலுத்தும்போது ஓசை ஏதும் எழுவதில்லை. மர வங்குகள் அலைக்கேற்ப மெல்ல நெகிழ்வது முழங்காலில் தெரிகிறது. ஃபைபர் பூசிய முதல் படகில் இந்த நெகிழ்வு எனக்கு ஒருநாளும் கிட்டவில்லை.

ஆகவே, மலை ஊர்களில் மரப் படகு வைத்திருப்போருக்குத் தங்கள் இதழ் வழியாக என் வேண்டுகோள் இது. ஃபைபர் பூசக் கொடுக்க எண்ணியிருந்தால் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். சீர்செய்ய இப்போது வசதி இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். தரையில் படாமல் இரண்டு கட்டைகளின் மேல் கவிழ்த்து, காற்றோட்டமுள்ள கூரையின் கீழ் வைத்தாலே போதும், பத்து ஆண்டு காத்திருக்கும். தார்ப்பாயை மட்டும் இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். அதுவும் ஃபைபர் செய்யும் வேலையையே செய்யும். பழுதான படகுகளை விறகு விலைக்கு ஏலம் விடும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு தச்சரை அழைத்துக் காட்டும்படி உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெளிப்பார்வைக்கு முற்றும் கெட்டதாகத் தோன்றும் படகில் பெரும்பாலும் இரு நுனிகளும் சில வங்குகளும் மட்டுமே கெட்டிருக்கும்.

எங்கள் ஆசாரிக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அவருடைய பேரன் உட்பட இரண்டு இளைஞர்கள் சனிக்கிழமைதோறும் வந்து வங்கு வளைக்கப் பழகுகிறார்கள். ஆவிக் குழாய், இரும்புக்கட்டி, மிச்சமுள்ள சைப்ரஸ் பலகை எல்லாம் என் வீட்டுக் கொட்டகையில் இருக்கின்றன. கற்றுக்கொள்ள விரும்புவோர் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு அனுப்பிவையுங்கள். கூலி வேண்டாம், ஆணிக்கும் கித்தானுக்கும் ஆகும் செலவு மட்டும் அவர்களுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.