ரோபோ போட்டி நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: பிட்டை அடைச்சிடாதீங்க

வணக்கம். அடுத்த சீசனுக்கு ஹால் பிளானும் டைம் டேபிளும் போட்டுக்கிட்டு இருக்கற அமைப்பாளர்களுக்குத்தான் இதை எழுதறேன்.

போன சீசன்ல நான் மென்டரா, அதாவது டீமுக்கு வழிகாட்டியா, போன ஒரு போட்டில (பேர் வேணாம்) பிட் ஏரியாவை, அதாவது டீமுங்க ரோபோவை வச்சு ரிப்பேர் பண்ற இடத்தை, கயிறு கட்டி அடைச்சிட்டாங்க. ஒரு டீமுக்கு ரெண்டே பேர்தான் உள்ள, மத்த பசங்க எல்லாம் கேலரிலயே உக்காந்திருக்கணும், மேட்ச் எல்லாம் இடைவெளியே இல்லாம வரிசையா ஓட்டி முடிச்சிட்டு பரிசு யாருக்குன்னு அப்புறம் மெயில்ல வரும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சொன்ன நேரத்துக்கு முடிஞ்சுது, இல்லங்கல. ஆனா பக்கத்து டீம் ரோபோ எப்படி வேலை செய்யுதுன்னே தெரியாம வீட்டுக்குப் போன பசங்கதான் அதிகம்.

உங்க பக்கமும் நியாயம் இருக்கு. பெரிய பசங்க ஆடற போட்டில ரோபோ ஒண்ணு 50 கிலோவுக்கு மேலகூட இருக்கும், கூடவே பேட்டரி, ட்ரில், ரம்பம்னு கிடக்கற இடத்துல கூட்டம் சேர்ந்தா யாருக்கும் பயமாத்தான் இருக்கும். ஆனா அதுக்குத்தானே பாதுகாப்புக் கண்ணாடி இல்லாம உள்ள வராதேங்கற விதி, மூடின ஷூ, "ரோபோ வருது வழி விடுங்க"ன்னு ஒரு பையன் முன்னாடி கத்திக்கிட்டே போற பழக்கம் எல்லாம் இருக்கு?

பிட்ல நடக்கறதை நல்ல குணம்னு மட்டும் நினைச்சிடாதீங்க, ஆட்டத்தோட அமைப்பே அப்படி. பள்ளிப் பசங்களுக்கு ரோபோ போட்டி நடத்தற அமெரிக்காவோட ஃபர்ஸ்ட் (FIRST) அமைப்போட பெரிய போட்டில மூணு டீம் ஒரு பக்கம், மூணு டீம் எதிர்ப்பக்கம், தகுதிச் சுற்றுல யாரு யாரோட சேரணும்னு அட்டவணைதான் முடிவு பண்ணும். காலைல நம்மளத் தோக்கடிச்ச டீம் மத்தியானம் நம்ம கூட்டாளி. அதனாலதான் "இந்த நம்பர் டீமுக்கு ஒரு மோட்டார் கன்ட்ரோலர் வேணும்"னு மைக்ல சொன்ன கொஞ்ச நேரத்துல எதிர் டீம்காரனே கைல எடுத்துக்கிட்டு ஓடி வர்றான். அப்புறம் இருக்கவே இருக்கு அலயன்ஸ் செலக்‌ஷன். பிளேஆஃப்னு சொல்ற கடைசிச் சுற்றுகளுக்கு முன்னணி டீம்களோட கேப்டன்கள் எல்லார் முன்னாடியும் நின்னு கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கணும், அதுக்காக மத்த டீமை நோட்டம் விடற ஸ்கவுட்டிங் பசங்க டேப்லெட்டைத் தூக்கிக்கிட்டு பிட் பிட்டா போய் "ரோபோ எப்படி ஏறுது, யாரும் ஓட்டாம தானா ஓடற நேரத்துல என்ன செய்யும்"னு கேட்டுக் குறிச்சுக்குவாங்க. பட்டியல்ல கீழ கிடக்கற ஒரு புது டீம், டிஃபென்ஸ் நல்லா ஆடுதுன்னு யாரோ ஒருத்தர் கண்ல பட்டு, பிளேஆஃப்ல மூணாவது ரோபோவா உள்ள வந்துரும். கயிறு கட்டிட்டா அந்த டீமை யாரு போய்ப் பாப்பா?

இதெல்லாம் பின்னாடி யாரோ ஒட்ட வச்சது இல்ல. கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989ல ஃபர்ஸ்ட் ஆரம்பிச்சு, 1992ல ஒரு ஸ்கூல் ஜிம்ல 28 டீமோட முதல் போட்டி நடந்துச்சு. எம்ஐடி பேராசிரியர் உடி ஃபிளவர்ஸ், உசுரக் குடுத்துப் போட்டி போடு, ஆனா எதிர்ல நிக்கறவனை மரியாதையா நடத்துன்னு திரும்பத் திரும்பச் சொல்லி அதையே இந்தப் போட்டியோட அடிப்படையா ஆக்கினாரு. சின்னப் பசங்களோட லெகோ லீக்ல ரோபோ எடுக்கற பாயின்ட் மட்டும் பாக்கறதில்ல, டீமா எப்படி நடந்துக்கறாங்கன்னும் ஜட்ஜுங்க மார்க் போடறாங்க.

கூட்டம் இல்லாட்டி என்ன ஆகும்னும் பாத்தாச்சு. 2020 மார்ச்ல கொரோனாவால சீசன் பாதிலயே நின்னுச்சு, 2021ல அவங்கவங்க இடத்துலயே ரோபோவை ஓட்டி ஸ்கோர் அனுப்பினாங்க. ரோபோ ஓடுச்சு, புரோகிராம் ஓடுச்சு, ஆனா எதிர்ல ஆள் இல்ல, கூட்டாளி இல்ல, கலர் முடி வச்சுக்கிட்டு மாஸ்காட் வேஷம் போட்டு ஆடறதுக்கு யாரும் இல்ல.

அதனால கேக்கறது இதுதான். பாதுகாப்புக் கண்ணாடி போட்ட யாரும் பிட்டுக்குள்ள வரட்டும், ரொம்ப நெரிசல்னா ஒருவழிப்பாதை போடுங்க. மேட்ச் ஒண்ணு ரெண்டு மூணு நிமிஷம்தான், மத்தியானத்துலயாவது ஒரு நல்ல இடைவெளி விடுங்க, பசங்க பேட்ஜ் மாத்திக்கவும் அடுத்த டீமோட புரோகிராமைப் பாக்கவும் அப்பதான் நேரம் கிடைக்கும். பரிசை எல்லார் முன்னாடியும் குடுங்க, மெயில்ல வர்ற பரிசுக்கு யாரு கை தட்டுவா.

இன்னொண்ணு, கூட்டமும் கலகலப்பும் வேணும்னு சொல்றேனே தவிர ஸ்பீக்கர் சத்தத்தைச் சொல்லல. காது கிழியற மாதிரி பாட்டுப் போட்டா பக்கத்துல நிக்கறவன்கிட்டயே பேச முடியாது, அதைக் கொஞ்சம் குறைங்க. இரைச்சல் தாங்காத பசங்களுக்கு ஒரு அமைதியான ரூம் தனியா வைங்க, சில போட்டில ஏற்கெனவே வைக்கறாங்க, நல்லா உதவுது. (பசங்க கைல இருந்து ஸ்பேனரைப் புடுங்கி தானே ரிப்பேர் பண்ற பெரியவங்களைக் கயிறு கட்டி வெளில நிறுத்தினா எனக்கு ஆட்சேபணை இல்ல.)

வாலன்டியர் பத்தாததாலதான் பிட்டை மூடறோம்னா அதை வெளிப்படையாச் சொல்லிடுங்க. கண்ணாடி குடுக்கற மேசைக்கும் வாசல்ல நிக்கறதுக்கும் பழைய டீம் பசங்க, அவங்க அப்பா அம்மா, என்னை மாதிரி மென்டருங்கன்னு நிறைய பேர் இருக்கோம், தேதி சொன்னா போதும், வந்துடறோம்.

இப்படிக்கு,
கேலரில உக்காந்திருந்த ஒரு மென்டர்