புடிபட்ட படகுக்குப் பின்னாடி ஒரு வீடு இருக்கு

ஆசிரியருக்கு வணக்கம். இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ் நாலு நாடும் சேந்து 2024 ஆகஸ்ட்ல கொழும்பு பாதுகாப்பு மாநாட்டு சாசனத்துல கையெழுத்து போட்டாங்க, கடத்தல், தீவிரவாதம்னு எல்லாத்தையும் ஒண்ணா பாக்கப்போறாங்க, ரொம்ப நல்ல விஷயம். ஆனா நாகப்பட்டினத்துல எங்க தெருவுல ஒரு அக்கா, வீட்டுக்காரரு மீன் புடிக்கப் போன படகு இலங்கைப் பக்கம் புடிபட்டதுலேர்ந்து, வலைய மடிச்சு திண்ணையில போட்டுட்டு கேஸ் என்னாச்சுன்னு யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியாம போனையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. கடலடிய வாரி இழுக்குற இழுவைமடி வலைய இலங்கை 2017லயே தடை பண்ணிடுச்சு, நம்ம படகுங்க அத இழுக்குறப்போ அங்க உள்ள தமிழ் மீனவங்க வலையும் அறுபடுது, அவங்க கோவமும் நியாயம்தான். 2016ல இந்தியாவும் இலங்கையும் சேந்து போட்ட மீன்வளக் கூட்டுக்குழு அடிக்கடி கூடணும், புடிபட்ட அன்னிக்கே வக்கீலும் வீட்டுக்குத் தகவலும் கிடைக்கும்னு ரெண்டு அரசாங்கமும் எழுத்துல ஒத்துக்கணும்.

- ஒரு வாசகர், நாகப்பட்டினம்