உன் பெயரில் வந்த மெயில்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள ரங்கா,

இங்கே எல்லோரும் நலம். மழையும் மூட்டுவலியும் வழக்கம்போல. இவனுக்குத் தபாலில் எழுதும் ஆசை எங்கிருந்து வந்தது என்று சிரிக்காதே. உன் மெயிலை நம்ப முடியவில்லை.

போன வாரம் உன் பெயரில் ஒன்று வந்தது. 'பார்த்துவிட்டு உடனே பதில் போடவும்' என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி, ஒரு ஜிப் கோப்பு, அதைத் திறக்கக் கடவுச்சொல். உடனே பதில் கேட்கிற ஆளா நீ? பேத்தி பிறந்ததையே பெயர் வைத்த பிறகுதானே சொன்னாய்! முகவரியைப் பார்த்தால் உன்னுடையதே இல்லை. கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது நம் மேல் உள்ள அக்கறையால் அல்ல. பூட்டிய கோப்புக்குள் வைரஸ் சோதனை எட்டிப் பார்க்க முடியாது என்பதால்.

அழித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் அந்த வரிக்குக் கீழே, ஊர் வீட்டை விற்பது பற்றி நீயும் நானும் பட்டாபியும் 2019-இல் எழுதிக்கொண்டதெல்லாம் அப்படியே இருந்தது. என் அண்ணனை நான் திட்டியது உட்பட. வயிற்றைக் கலக்கிவிட்டது, ரங்கா. எமோடெட் என்ற வைரஸ் இதைத்தான் செய்துகொண்டிருந்தது: ஒருவர் கணினியில் புகுந்து பழைய மெயில்களைத் திருடி, அவற்றுக்கே பதில் போடுவதுபோல் அவருடைய நண்பர்களுக்குத் தூண்டில் போடும். 2021 ஜனவரியில் பல நாட்டுப் போலீசார் சேர்ந்து அதை முடக்கினார்கள். அதே நவம்பரில் மறுபடியும் தலைகாட்டியது. இது அதுவேதானா என்று என்னால் சொல்ல முடியாது. வித்தை அதே வித்தை.

கோப்பைத் தொடவில்லை என்றாலும் மனம் கேட்கவில்லை. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே சோதிப்பதால் ஒளிந்திருப்பது தப்பிப்பது கடினம். கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு காபியை ஆறவிட்டேன். ஒன்றுமில்லை. பிரவுசரில் மட்டும், தள்ளுபடி கூப்பன் தேடித் தருகிறேன் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்), நான் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அனுமதியோடு உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளையின் உபயம். தூக்கிவிட்டேன்.

ஆக, கசிந்தது உன்னிடமிருந்து, இல்லையென்றால் பட்டாபியிடமிருந்து. 2000-இல் 'ஐ லவ் யூ' என்று வந்த வைரஸ் மெயிலைத் திறந்து ஆபீசையே படுக்கவைத்தவன் மேல்தான் என் சந்தேகம். அதை அனுப்பியது அக்கவுண்ட்ஸ் பிரிவு என்று இன்னும் நம்புகிறான் பாவம்.

விளையாட்டு போதும். உன் பென்ஷன் கணக்கு அதே மெயிலில்தானே இருக்கிறது? கடவுச்சொல்லை இன்றே மாற்று. உன் கணினியில் அல்ல, போனில். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சோதனையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடு. செட்டிங்கில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் பார். உன் மெயில் எல்லாம் வேறு முகவரிக்கு நகலாகப் போகும்படி திருடன் அதில் வைத்துவிட்டால், கடவுச்சொல்லை மாற்றினாலும் அது நிற்காது. பணம் ஏதாவது போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடு.

பட்டாபியிடம் நீயே பேசு. நான் சொன்னால் சண்டைதான் வரும். நேரில் போய்ச் சொல். மெயிலில் எழுதினால் அவனுக்கு முன்னால் வேறு யாராவது படித்துவிடுவார்கள்.

அன்புடன்,
சீனு