மான் தீவிலிருந்து வந்த மறுநாள்

பாஸ்டன்

அன்புள்ள சேவியர்,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். மகள் வீட்டில் எல்லோரும் சுகம். பேரனுக்குச் சளி. குளிர் எலும்பைத் துளைக்கிறது. டிகிரி காப்பிக்கு நாக்கு ஏங்குகிறது. உன் சுக்குக் காப்பி கிடைத்தால்கூடக் குடிப்பேன், அவ்வளவு மோசம்!

நேற்று மாப்பிள்ளை மான் தீவுக்கு நடக்கக் கூட்டிப்போனார். பேர்தான் தீவு. 1938 புயலில் இடையே இருந்த நீர்வழி தூர்ந்து, கரையோடு ஒட்டிவிட்டது. இப்போது அங்கே ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்கிற ஆலை. ராட்சத முட்டைகள் மாதிரி 12 தொட்டிகள். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு போட்டும் கால் மணி நேரம் நிற்க முடியவில்லை. 1675 அக்டோபரில் நேட்டிக் ஊரிலிருந்து பூர்வகுடிக் கிறிஸ்தவர்கள் சுமார் 200 பேரை இங்கேதான் கொண்டுவந்து தள்ளினார்களாம். ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை.

அவர்கள் ஜான் எலியட்டின் சபையார். ராக்ஸ்பரியில் 1632 முதல் சாகும்வரை, 58 வருஷம், போதகராக இருந்த பியூரிட்டன், அதாவது கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர். பூர்வகுடிகளின் வாம்பனோவாக் மொழியைக் கற்று, 1646-இல் அவர்களிடம் அந்த மொழியிலேயே பிரசங்கம் செய்தார். முடிந்ததும் ஒருவர் கேட்ட கேள்வியைக் கேள்: எங்கள் பாஷையில் ஜெபித்தால் இயேசுவுக்குப் புரியுமா?

புரியும் என்று சொன்னதோடு அவர் நிற்கவில்லை. 1663-இல் முழு பைபிளையும் அந்த மொழியில் அச்சிட்டுவிட்டார். அமெரிக்க மண்ணில் அச்சான முதல் பைபிளே அதுதான், ஆங்கில பைபிள் இல்லை! ஆனால் சேவியர், அவருக்கு மொழி சொல்லிக்கொடுத்தது காக்கனோ; போரில் பிடிபட்டு, வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்காரனாக இருந்தவன். எழுத்துக் கோத்தது நிப்மக் இனத்து ஜேம்ஸ் பிரின்டர். புரிந்து பிழைதிருத்த அவன் ஒருவனைத்தான் நம்பியிருக்கிறோம் என்று எலியட்டே பின்னாளில் கடிதம் எழுதினார். முதல் பக்கத்தில் எலியட் பேர் இருக்கிறது; இவர்கள் இருவர் பேரும் இல்லை.

ஞானஸ்நானம் வேண்டுமென்றால் முடியை வெட்டு, பழைய வழக்கத்தை விடு, நேட்டிக் மாதிரி தனி ஊரில் வந்து குடியிரு என்றார் எலியட். வந்தார்கள். 1675-இல் வெள்ளைக்காரருக்கும் பூர்வகுடிகளுக்கும் போர் வெடித்ததும், ஒரே இடத்தில் இருந்தவர்களை வளைத்துப் பிடிப்பது சுலபமாகிவிட்டது. படகேற்றிய ராத்திரி, 71 வயதுக் கிழவர் எலியட் ஆற்றங்கரைக்கு வந்து அவர்களோடு ஜெபித்தார். கைதிகளை அடிமையாக விற்காதீர்கள் என்று ஆட்சியாளர்களிடம் மன்றாடினார். யாரும் காதில் வாங்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் தீவில் பசியிலும் குளிரிலும் செத்தவர்கள் ஏராளம். அவரை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் மனம் வரவில்லை. நீயாவது சொல்லேன்.

வாம்பனோவாக் மொழி பேச ஆளில்லாமல் நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தது. 1993-இல் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்ற அந்த இனத்துப் பெண் அதை மீட்கக் கிளம்பினார். அதற்குக் கைகொடுத்த பழைய எழுத்துகளில் அந்த பைபிளும் ஒன்று. அவர் மகள் அந்த மொழியைத் தாய்மொழியாகவே பேசி வளர்ந்திருக்கிறாள்.

அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். இருளர் பாட்டியிடம் கேட்டு எழுதிவைத்திருக்கிறாயே, அந்த ஏழு நோட்டையும் உடனே நகல் எடு. மழைக்காலம் வருகிறது, உன் வீட்டு ஓடு ஒழுகும். ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் பாட்டியின் பேரை எழுது. உன் பேர் அதற்குக் கீழே வரட்டும்.

அன்புடன்,
முத்து