கராஜில் பிய்ந்த அட்டைப்பெட்டி: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் வீடு மாறிய அன்று நீ தூக்கிய அட்டைப்பெட்டி அடி பிய்ந்து கராஜ் தரையில் கொட்டியதே, ஞாபகம் இருக்கும். கறுப்பு ரோமம் வைத்துத் தைத்த இரண்டு பூனைக்காதுகள், மணி கோத்த தோல் பட்டை, டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் முழங்காலில் கட்டிக்கொள்ளும் பேட் ஒரு ஜோடி. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கி உள்ளே வைத்து டேப் ஒட்டினாய். மணி மட்டும் கழன்று காருக்கு அடியில் உருண்டுவிட்டது. படுத்து, கையை நீட்டி, அதையும் எடுத்துக் கொடுத்தாய்.

பத்து நாள் கழித்து ராத்திரி பதினொன்றரைக்கு உன் மெசேஜ்: "அக்கா, அது உங்களோடதா? எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு. நாய். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

என்னுடையதுதான். கொஞ்ச நேரம் பூனையாகவோ நாயாகவோ இருந்து விளையாடும் இதற்கு 'பெட் ப்ளே' என்று பெயர். பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதட்டுமா என்று கேட்டேன், பெயர் போடாமல் எழுதச் சொன்னாய். இந்தக் கலிஃபோர்னியா வளைகுடாப் பகுதியில், ஃப்ரீமாண்ட்டிலும் மில்பிடாஸிலும் சான் ரமோனிலும் அந்த நேரத்துக்குத் தூக்கம் வராமல் படுத்திருப்பவர்கள் உன்னைத் தவிரவும் இருப்பார்கள்.

எங்கள் வீட்டில் இது பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம். மாமா சோபாவில் படித்துக்கொண்டிருப்பார். நான் காதை மாட்டிக்கொண்டு கீழே கம்பளத்தில் சுருண்டுகொள்வேன். பேச்சு கிடையாது. ஒரு பந்து உருண்டு வரும், தட்டிவிடுவேன். அவர் கை சில நேரம் தலையில் வந்து இருக்கும். வாரம் முழுக்க மீட்டிங்கில் பேசிப் பேசி வறண்ட தொண்டைக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் ஓய்வு. டிஷ்வாஷர் ஓடுகிற சத்தம் கேட்கும், தரையின் குளிர் உள்ளங்கையில் ஏறும், அடுத்து என்ன என்ற நினைப்பு இருக்காது. இதைத்தான் எங்கள் ஆட்கள் 'ஹெட்ஸ்பேஸ்' என்கிறார்கள்.

"இதெல்லாம் செக்ஸ்தானே அக்கா?" என்று கேட்டாய். சிலருக்கு ஆம், சிலருக்கு இல்லை, ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் மாறவும் செய்யும். லியாம் விக்னால், மார்க் மெக்கார்மக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாய்க்குட்டியாக விளையாடும் 30 ஆண்களிடம் பேசி 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லாரும் தன்பாலின ஈர்ப்போ இருபாலின ஈர்ப்போ உள்ளவர்கள். காமத்தோடு இளைப்பாறுதலும் இதில் இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். நிஜ மிருகங்கள் மேல் ஆசை என்பது அவர்கள் பேச்சில் இல்லவே இல்லை. உன்னை அதிகமாக அரித்த கேள்வி அதுதான் என்று தெரியும், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். கோளாறா என்றும் கேட்டிருந்தாய். அமெரிக்க மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் டிஎஸ்எம் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தது. வழக்கத்துக்கு மாறான ஆசை ஒருவருக்கு இருப்பதாலேயே அதை நோய் என்று அது சொல்வதில்லை. ஆலோசகரிடம் பேசத் தோன்றினால், நேஷனல் கோயலிஷன் ஃபார் செக்ஷுவல் ஃப்ரீடம் என்ற அமைப்பு இந்த விஷயம் புரிந்த மருத்துவர்கள், ஆலோசகர்கள் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது.

இனி முக்கியமானது. விளையாட்டுக்கு முன்னால் நடக்கும் பேச்சு. எங்கே தொடலாம், எங்கே கூடாது, எவ்வளவு நேரம், முடிந்ததும் என்ன வேண்டும். எனக்கு முடிந்ததும் சூடாக ஒரு டம்ளர் பால் வேண்டும், அதுகூட முதலிலேயே பேசியதுதான். நாயாகவோ பூனையாகவோ இருக்கும்போது வாய் திறக்க வராது. அதனால் நிறுத்தச் சொல்லும் சேஃப்வேர்ட் மட்டும் போதாது, பேச்சில்லாத ஒரு சைகையும் வேண்டும். நான் தரையில் மூன்று முறை தட்டினால் எல்லாம் அந்தக் கணமே நிற்கும். காரணம் கேட்க மாட்டார்.

என் பாட்டி வைஷ்ணவக் குடும்பம். பகவானிடம் சரணடைவதில் பூனைக்குட்டி வழி ஒன்று, குரங்குக்குட்டி வழி ஒன்று என்பாள். பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும், குரங்குக்குட்டி தாயைத் தானே பிடித்துக்கொள்ளும். நான் காது மாட்டிக்கொள்வது பூனைக்குட்டியாகத்தான், ஆனால் பிடி குரங்குக்குட்டிப் பிடி. பிடித்திருப்பது நான், கையை எடுத்தால் இறங்கிவிடலாம்.

இதைக் கசப்பான ஒரு சாயங்காலம்தான் எனக்குப் புரியவைத்தது. தெரிந்தவர் வீட்டில் கூடியிருந்தோம், ஒருவர் கேட்காமலே என் பட்டையில் கயிற்றை மாட்டி இழுத்தார். பூனைதானே, எதிர்க்காது என்று நினைத்திருப்பார். நான் எழுந்து நின்று காதைக் கழற்றினேன். வீட்டுக்காரர் அவரை உடனே வெளியே அனுப்பினார். காரில் திரும்பும்போது கை நடுங்கியது. ஆனால் அப்படி அனுப்பத் தெரிந்த கூட்டத்துக்குள்தான் நீ போக வேண்டும். இப்படி ஒன்று நடக்கும்போது அங்கே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார், அவர்களைப் பற்றி வேறெதுவும் விசாரிக்கவே வேண்டாம்.

இங்கே நம் ஊர்ப்பக்கம் இப்படி ஆட்களே இல்லை, சான் ஃபிரான்சிஸ்கோ போனால்தான் உண்டு என்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 'மஞ்ச்' என்கிற வழக்கம் பிறந்ததே நம் பக்கத்தில். டம்பார்ட்டன் பாலத்தைத் தாண்டினால் வரும் பாலோ ஆல்ட்டோவில், 1990களின் தொடக்கத்தில், இந்த மாதிரி வழக்கத்துக்கு மாறான ஆசைகளைப் பற்றி இணையத்தில் மட்டும் பேசிக்கொண்டிருந்த சிலர் கர்க்ஸ் என்ற பர்கர் கடையில் நேரில் சந்தித்தார்கள். பர்கர் மஞ்ச் என்று பெயர். சாதாரண உடை, சாதாரண மேசை, சாப்பாடு, பேச்சு. இன்று உலகம் முழுக்க இந்தக் கூட்டங்களுக்கு அந்தப் பெயர்தான்.

என் முதல் மஞ்சுக்கு இருபது நிமிஷம் காரை விட்டு இறங்கவில்லை. தமிழ் வகுப்பு அம்மாக்கள் யாராவது உள்ளே இருந்தால்? ஆபீஸில் தெரிந்தால், விசா என்ன ஆகும்? கடைசியில் உள்ளே போனேன். நரைத்த தலை அம்மாள் ஒருவர் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார். மேசையில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு, அணில் தின்றுவிடும் தக்காளிச் செடிகளைப் பற்றி! அரை மணி நேரம் கழித்துத்தான் ஒருவர், "நீங்க என்ன விலங்கு?" என்று, எந்த ஊர் என்று கேட்கிற மாதிரி கேட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

பயத்தை லேசாகச் சொல்லவில்லை. புனைபெயரில் போ. அங்கே யாரும் முழுப்பெயரோ கம்பெனியோ கேட்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. முதல் சந்திப்பு பொது இடத்தில் மட்டும். தனியாக வீட்டுக்குக் கூப்பிடுகிறவனிடம் முதலில் மஞ்சுக்கு வரச் சொல், வர மறுத்தால் விட்டுவிடு. முகமூடி, வால் எல்லாம் இப்போது வாங்காதே. முழங்கால் பேட் மட்டும் வாங்கு, ஹார்ட்வேர் கடையில் கிடைப்பதே போதும்.

அடுத்த வியாழக்கிழமை ஏழு மணிக்கு நான் போகிறேன். ஜன்னலோர மேசையில் இருப்பேன், மாமாவும் வருகிறார். கார் நிறுத்தும் இடத்திலிருந்தே திரும்பிவிடலாம் என்று தோன்றினால் ஒரு மெசேஜ் போடு, நான் வெளியே வந்து உன் காரில் உட்காருகிறேன்.

அன்புடன்,
அக்கா